அந்த அட்டையை யாரும் கழற்றவில்லை

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

நான் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. இந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. மொத்தம் 31 பிள்ளைகள். ஆசிரியர் அறையில் இவர்களுக்கு ‘கொரோனா பேட்ச்’ என்று பெயர். முதல் ஊரடங்கு வந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள். எதற்கெடுத்தாலும் அடிதடி. நான்கு பேரைச் சேர்த்து ஒரு வேலை கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சண்டை. ஏழெட்டுப் பேருக்குத் தமிழே தடங்கலில்லாமல் வாசிக்க வராது. வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டிவிட்டது என்கிறார்கள். ஒரு பையன் அப்பாவை 2021 மே மாதம் கொரோனாவில் இழந்தவன். நன்றாகத்தான் இருப்பான். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் கோடை விடுமுறை முடிந்து வந்தால் ஒரு மாதத்துக்கு வாயே திறப்பதில்லை. லீவு மயக்கம் என்று நினைத்தேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. நன்றாகப் படிக்கிற ஒரு பெண், ‘படிச்சு என்னத்த ஆகப்போகுது டீச்சர்’ என்கிறாள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த நோயின் பாதிப்பு இருக்குமா, அல்லது நாங்கள்தான் அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

இன்னொன்று. இது முக்கியமில்லை, மனசில் பட்டதால் எழுதுகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்த எங்கள் சக ஆசிரியை அதே இரண்டாம் அலையில் தவறிவிட்டார். அவர் கையால் எழுதிய உயிரெழுத்து அட்டை இன்னும் அந்த வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது நான் பார்க்காமல் போய்விடுவேன்.

— ஓர் ஆசிரியை

மனநல மருத்துவர் பதில்:

அன்புள்ள டீச்சர்,

முக்கியமில்லை என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதை மறந்துவிட மாட்டேன்.

முதலில் உங்கள் நேர்க் கேள்வி. பாதிப்பு இருக்கும். அதைச் சாக்காகச் சொல்வதும் நடக்கிறது. இரண்டும் ஒரே ஆசிரியர் அறையில் நடப்பதுதான் சிக்கல். ‘கொரோனா பேட்ச்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் அதன் பிறகு யாரும் எந்தப் பிள்ளையையும் தனியாகப் பார்க்கத் தேவையில்லாமல் போகிறது. வாசிக்க வராதவன், அப்பா இல்லாதவன், வீட்டில் அடி வாங்குகிறவள், கண் சரியாகத் தெரியாதவள், எல்லோருக்கும் ஒரே காரணம், ஒரே பெருமூச்சு. அந்தப் பெயர் பிள்ளைகளின் காதுக்கும் போயிருக்கும். ‘நாங்க கொரோனா பேட்ச் சார், எங்களுக்கு வராது’ என்று பிள்ளைகளே சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்ன பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

இழந்தது மீளாது என்பதும் உண்மையில்லை. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் பெரும் பின்னடைவு இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, சாயங்கால நேரத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் நடந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். அந்த வகுப்புகளை எடுத்தவர்கள் அதே ஊர்ப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். அக்கம்பக்கத்து அக்கா ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்ததில் அவ்வளவு நடந்திருக்கிறது.

ஆனால் ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்பது மொத்தக் கணக்கு. மீளாத மீதி, பிள்ளைகளிடையே சமமாகப் பங்கு போட்டுக் கிடப்பதில்லை. சிலரிடம் ஒன்றுமே இல்லை. சிலரிடம் குவிந்து கிடக்கிறது. அந்த ஏழெட்டுப் பேர் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம்.

உங்கள் பிள்ளைகளின் காலத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முழுக்க வீட்டில். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்போது நான்காம் வகுப்பில் பாதி. அதன் பிறகும் 2022 ஜனவரியில் ஒரு மாதம் போனது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற குழந்தை, வாசித்துப் புரிந்துகொள்கிற குழந்தையாக மாறுகிற இடம் சரியாக அந்த மூன்றும் நான்கும்தான். அந்த இரண்டு வகுப்பிலும் ‘தேர்ச்சி’ என்று பதிவேட்டில் இருக்கும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மை. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோனார் என்பதும் உண்மை.

பாடத்தைவிட நான் கவலைப்படுவது வேறொன்று. ஏழு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய படிப்பு படிக்கிறார்கள், அதற்குப் பாடப் புத்தகம் கிடையாது. ‘காய்’ விடுவது, ‘பழம்’ விடுவது. சுண்டு விரலைக் காட்டிப் பேச்சை முறிப்பார்கள். அடுத்த நாள் இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். இதை ஒரு குழந்தை நூறு தடவை செய்திருக்கும், தோற்றால் அழுதிருக்கும், முறை வரும்வரை காத்திருந்திருக்கும், தன்னைச் சேர்த்துக்கொள்ளாத கூட்டத்திடம் போய்க் கெஞ்சியிருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நூறு தடவை கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோதும் முகக்கவசம், தள்ளித் தள்ளி உட்கார், தொடாதே, பகிர்ந்து சாப்பிடாதே. பதின்மூன்று வயது உடம்பில், எட்டு வயதில் முடித்திருக்க வேண்டிய சண்டையைப் போடுகிறார்கள். காய் விடத் தெரிகிறது. பழம் விடத் தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். விளையாட்டுப் பீரியடை எடுத்துக் கணக்குப் பாடம் நடத்தாதீர்கள். எட்டாம் வகுப்புக்குப் போர்ஷன் முடியவில்லை என்று அதைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் சிகிச்சை. கபடியோ கோ-கோவோ கிளித்தட்டோ எதுவானாலும் சரி, விதி இருக்கிற, தோற்பவன் வெளியே போய் மறுபடி உள்ளே வருகிற ஆட்டமாக இருக்கட்டும். சண்டை வந்தால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். ‘எப்படித் தீர்க்கலாம், நீங்களே சொல்லுங்கள்’ என்று இரண்டு நிமிடம் கொடுங்கள். முதல் மாதம் தாங்க முடியாத இரைச்சலாக இருக்கும்.

வகுப்பில் குழு வேலை கொடுக்கும்போது நால்வரில் தொடங்க வேண்டாம். இருவர் போதும், அதே இருவர் இரண்டு வாரம். பிறகு மூவர். சத்துணவு நேரத்தில் வாரம் ஒரு நாளாவது அவர்களோடு தட்டை வைத்து உட்காருங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், முட்டை யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று பேசினால் போதும்.

வாசிக்க வராதவர்கள் பற்றி. தொண்டை கட்டிவிட்டது என்கிற பொய்யை உடைக்காதீர்கள். மானத்தை மூட அவர்களிடம் இருக்கிற ஒரே துண்டு அது. எட்டாம் வகுப்பு மாணவன் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் பள்ளியை விட்டே போய்விடுவான். ஆனால் அதே புத்தகத்தை ஒரு கௌரவமான காரணத்தோடு கொடுக்க உங்கள் பள்ளியில் வழி இருக்கிறது. நடுநிலைப் பள்ளி என்பதால் ஒன்றாம் வகுப்பும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ‘வெள்ளிக்கிழமை மதியம் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் கதை வாசித்துக் காட்ட வேண்டும், வாரம் முழுக்கப் பழகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். வாசிப்பில் தேறியவர்களையும் சேர்த்தே அனுப்புங்கள், பிரித்துக் காட்ட வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை திக்கல் திணறலைக் கண்டுபிடிக்காது. ‘அண்ணா, இன்னொரு கதை’ என்று கேட்கும். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் ராத்திரி உட்கார்ந்து வாசிப்பான். மூன்று மாதம் செய்தும் ஒருவனுக்கு எழுத்துகள் இடம் மாறியே தெரிந்தால், அது கொரோனா கணக்கில் சேராது. கண் பரிசோதனையும் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனையும் வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுங்கள்.

இடையில் ஒன்று. உங்கள் 31 பேரில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்பில் உங்கள் பள்ளியில் இருந்தார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் அறிக்கையின்படி இந்தியக் கிராமங்களில் 6 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் 2018-இல் 64.3 சதவீதம்; 2021-இல் 70.3 சதவீதம். அந்த ஏற்றத்தை நாம் பெருமையாகப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் வந்த பிள்ளைகளில் பலர் அப்பாவின் வேலை போனதால், மெட்ரிக் பள்ளிக்குக் கட்டப் பணம் இல்லாததால் வந்தவர்கள். சீருடை மாறியதையும் வேன் நின்றதையும் வீட்டின் தோல்வியாகப் பார்த்த பிள்ளைகள். அவர்கள் யார் என்று தெரிந்தால் சில சண்டைகளின் வேர் தெரியலாம்.

‘படிச்சு என்னத்த ஆகப்போகுது’ என்கிற பெண்ணிடம் படிப்பின் பயனை விளக்காதீர்கள். ‘உங்க அக்கா என்ன செய்யறாங்க?’ என்று கேளுங்கள். எனக்கு அந்த வீடு தெரியாது, தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஊரடங்கின்போது பத்தாவது, பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்களுக்கு அந்த இரண்டு ஆண்டில் கல்யாணம் முடிந்தது, செலவு குறைவு என்று. பையன்கள் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்ச் சம்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. அதை எட்டு வயதில் பக்கத்திலிருந்து பார்த்த தங்கைகள் இப்போது அதே வயதை நெருங்குகிறார்கள். அவள் கேட்பது தத்துவக் கேள்வி இல்லை. தன் வீட்டில் நடந்ததை வைத்துக் கேட்கிறாள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098, குழந்தைகள் உதவி எண்.

இனி அந்தப் பையன். உங்கள் சந்தேகம் சரி, லீவு மயக்கம் இல்லை. அப்பா இறந்தது மே மாதம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மே என்றால் பள்ளி கிடையாது, டீச்சர் கிடையாது, நண்பர்கள் கிடையாது. திதியும் படையலும் அம்மாவின் அழுகையும் அந்த மாதத்தில்தான். அதை முழுக்கத் தனியாகக் கடந்துவிட்டு ஜூனில் உங்கள் முன்னால் வந்து உட்காருகிறான். நாம் ‘லீவுக்கு எங்க போன?’ என்று கேட்கிறோம்.

2021 மே மாதம் நான் ஒரு அரசு மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளின் குடும்பங்களுக்குப் போனில் தகவல் சொல்லும் வேலையில் இருந்தேன். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான மாதம் அது. பல முறை எதிர்முனையில் போனை எடுத்தது குழந்தைதான், ஏனென்றால் வீட்டில் போன் அதன் கையில் இருந்தது, ஆன்லைன் வகுப்புக்காக. ‘அம்மாகிட்ட குடும்மா’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்த அந்த நொடிகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. உடலைக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை, குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி இல்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் இல்லை. நம் ஊரில் ஒரு சாவை மனம் ஏற்றுக்கொள்ள இத்தனை படிகள் வைத்திருக்கிறோம். அந்தப் பையனுக்கு ஒரு படிகூடக் கிடைத்திருக்காது. ஆம்புலன்ஸ் ஏறிப் போனவர் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வயதுக் குழந்தைகளில் பலர் ‘என்னாலதான் அப்பாவுக்கு வந்துச்சு’ என்று நம்பினார்கள். கடைக்கு ஓடினேன், மாஸ்க் போடவில்லை, வெளியே விளையாடிவிட்டு வந்து அப்பா மேல் படுத்தேன் என்று. யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதின்மூன்று வயதில் அது பொய்யென்று அறிவுக்குத் தெரியும், உள்ளே கிடக்கும்.

அவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டாம். நடந்துகொண்டே, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, முகம் பார்க்காமல் பேசுகிற ஒரு நேரத்தில் சொல்லுங்கள்: ‘மே மாசம் உனக்குக் கஷ்டமான மாசம்னு டீச்சருக்கு இப்பதான் புரிஞ்சது. நீ எதுவும் சொல்ல வேண்டாம்.’ அவ்வளவு போதும். பதிலை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, ‘அந்தக் காலத்துல நோய் யாருக்கு எப்படி வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது, எந்தக் குழந்தையும் அதுக்குக் காரணம் கிடையாது’ என்று பொதுவாக ஒரு தடவை அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவன் வேறு பள்ளிக்குப் போய்விடுவான்; மே மாதம் ஒரு போன் செய்யுங்கள்.

அவன் அம்மாவைப் பார்த்து, அரசு உதவிகள் கிடைத்தனவா என்று விசாரியுங்கள். பெற்றோரில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படாததால் சிக்கிய குடும்பங்கள் உண்டு. அந்த ஆத்திரமும் பிள்ளையின் மேல்தான் இறங்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் இப்போது எந்தத் திட்டத்துக்குத் தகுதி என்று சொல்வார்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவையும் சேர்த்துக் கேளுங்கள்.

அவன் ஒரு மாதம் தாண்டியும் பேசாமலிருந்தால், தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், கையில் கீறல் தெரிந்தால், ‘நானும் போயிடலாம்’ என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், அங்கே காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இரவானால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ். இலவசம், தமிழில் பேசலாம். நீங்கள் உடன் போனால் அவன் வருவான்.

இனி, நீங்கள் முக்கியமில்லை என்று எழுதியது.

அந்த ஆசிரியை ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்தவர் என்கிறீர்கள். அப்படியானால் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அவர் கைப்பிடித்து ‘அ’ எழுதியவர்கள். 2020 மார்ச்சில் ‘நாளையிலேர்ந்து லீவு, பத்திரமா போங்க’ என்று அனுப்பிவைத்தவர் அவர்தான். 2021 நவம்பரில் அவர்கள் திரும்பி வந்தபோது அவர் இல்லை. யாராவது அந்தப் பிள்ளைகளிடம் சொன்னீர்களா? உட்கார வைத்து, ‘உங்க டீச்சர் இறந்துட்டாங்க’ என்று? உங்களைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. நான் கேட்ட பள்ளிகள் பலவற்றில் பதில், இல்லை என்பதுதான். அரசல்புரசலாகத் தெரிந்திருக்கும். கிருமிநாசினி, வெப்பமானி, புத்தாக்கப் பயிற்சி, பதிவேடு என்று ஓடிய ஓட்டத்தில் அதற்கு ஒரு நேரம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கும் யாரும் நேரம் ஒதுக்கவில்லை. அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்திருக்கும்; அதற்குக் கீழேயே ஏதோ ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். அதன் பிறகு நீங்கள் வேலை செய்துகொண்டே இருக்கிறீர்கள். பிள்ளைகள் மேல் வரும் எரிச்சலில் கொஞ்சம் இந்த இடத்திலிருந்து வருகிறதோ என்று எனக்குப் படுகிறது. அவர் விட்டுப்போன பிள்ளைகள் இவர்கள். இவர்கள் தடுமாறுவதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாள், கடைசிப் பீரியடில், பாடம் எதுவும் இல்லாமல் அந்த வகுப்பறைக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகள் மைதானத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் உட்காருங்கள். ‘இந்த டீச்சரை யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். ஒருவன் அவர் கொடுத்த மிட்டாயைச் சொல்வான், ஒருத்தி அவர் அடித்ததைச் சொல்வாள். தொண்டை கட்டியவர்களும் பேசக்கூடும். அப்பாவை இழந்தவன் பேசாமலே இருக்கலாம். ஆனால் இறந்தவர்களைப் பற்றி இந்தப் பள்ளியில் சத்தமாகப் பேசலாம் என்று அவன் பார்த்திருப்பான். உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். நடுவில் நின்று முடிக்க முடியாமல் போகும் என்று பயமாக இருந்தால் சக ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்; அவருக்கும் அது தேவைப்படலாம்.

அந்த அட்டை விளிம்பு கிழிந்து, நிறம் மங்கியிருக்கும். அதை என்ன செய்வது என்று பிள்ளைகளையே கேளுங்கள். பத்திரமாகக் கழற்றி வைக்கலாம் என்பார்களோ, அப்படியே இருக்கட்டும் என்பார்களோ, அதே போல் இன்னொன்று எழுதி ஒன்றாம் வகுப்புக்குக் கொடுக்கலாம் என்பார்களோ தெரியாது. அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். அன்று யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், டீச்சர்.